மங்கையர் உடல்வலிவும் இருவகைப் பயிற்சிகளும்

பெண்ணுடல் மென்மையானது, கடும் பயிற்சியைத் தாங்காது என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலவியது. 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் மகளிர்க்கான 800 மீட்டர் ஓட்டம் முதன்முதலாக நடைபெற்றது. ஓடியவர்கள் சோர்ந்து வீழ்ந்தனர் என்று செய்திகள் மிகைப்படுத்தப்பட்டன. அதன்பின் 1960 வரை அப்போட்டி இடம்பெறவில்லை. தடை நீங்கிய பின்னரும், மங்கையர்க்கு ஏற்ற பயிற்சி எது என்னும் வினா நின்றது. அவர்கள் இன்று பெரிதும் நாடும் இருமுறைகளின் வரலாறே அதற்கு விடை தரும்.

1883இல் ஜெர்மனியில் பிறந்த ஜோசப் பிலாட்டீஸ் இளமையில் நோயால் நலிந்தவர். முதல் உலகப்போரின்போது பிரிட்டனில் தடுப்புமுகாமில் அடைபட்டிருந்த காலத்தில் தம் பயிற்சிமுறையை வளர்த்தார். பின்னர் நியூயார்க்கில் அவர் நடத்திய பயிற்சிக்கூடத்தை நடனக் கலைஞர் பலர் நாடினர். மூச்சை ஒழுங்குபடுத்தி, வயிறு, முதுகு, இடுப்புத் தசைகளை நிதானமாக இயக்குவதே இம்முறை. இதனால் தசைகள் உறுதிபெறும், உடல் நெகிழ்வுறும்.

ஏரோபிக்ஸ் பிறந்த சூழல் வேறு. அமெரிக்க வான்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968இல் வெளியிட்ட நூல் அப்பெயரைப் பரப்பியது. ஓட்டம், நீச்சல் முதலியவற்றை இடைவிடாது செய்வதால், இதயமும் நுரையீரலும் உயிர்வளியைப் பயன்படுத்தும் ஆற்றல் பெருகும் என்பது அவர் கொள்கை. 1969இல் ஜாக்கி சோரன்சன் அதனை நடனத்தோடு இணைத்தார். பெண்கள் திரளாகச் சேர்ந்தனர்.

ஒன்று தசைக்கு, மற்றொன்று நெஞ்சுக்கு. வயதுவந்தோர் வாரந்தோறும் 150 முதல் 300 நிமிடம் மிதமான ஏரோபிக் இயக்கமும், இருநாளேனும் தசைவலுப் பயிற்சியும் மேற்கொள்ளவேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வலியுறுத்தியது. ஆதலின் இரண்டில் ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துதல் தகாது. இரண்டையும் பழகும் நங்கையே முழுவலிவு பெறுவாள்.