வின்னிபேகோ ஏரியின் ஸ்டர்ஜன் வேட்டை

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், பிப்ரவரியில் உறைந்து கிடக்கும் வின்னிபேகோ ஏரியின் பனிப்பரப்பில் துளை வெட்டி, அதன்மேல் வைத்த இருட்டுக் குடிலுக்குள் காத்திருந்து, கீழே நீந்திவரும் ஏரி ஸ்டர்ஜன் மீனை ஈட்டியால் குத்திப் பிடிக்கும் குளிர்கால மீன்பிடி முறை. பனியில் துளையிட்டு ஈட்டியால் மீன் குத்துவது அப்பகுதிப் பழங்குடிகளின் மிகப் பழைய வழக்கம். அரசின் விதிகளுக்கு உட்பட்ட பருவமாக இந்த ஏரியில் 1932 முதல் நடந்துவருகிறது.

வின்னிபேகோ சுமார் 557 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. ஆனால் மிக ஆழமான இடத்திலும் 21 அடிதான். இந்த ஆழக்குறைவே வேட்டைக்கு அடிப்படை. நீர் தெளிந்திருந்தால் துளை வழியே ஏரியின் தரை வரை தெரியும். கலங்கியிருந்தால் மீன் குடிலுக்கடியில் போனாலும் கண்ணில் படாது. ஓராண்டின் பிடிப்பு கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் நீரின் தெளிவைப் பொறுத்ததே.

குடிலுக்குச் சன்னல் கிடையாது, இருந்தால் அதை மூடிவிடுவார்கள். உட்சுவரில் கறுப்புச் சாயம் பூசியிருக்கும். வெளியே பனியின் ஊடாக இறங்கும் பகல் வெளிச்சம் நீரை ஒளிரச் செய்ய, இருட்டிலிருந்து குனிந்து பார்ப்பவருக்குத் துளை ஒரு பச்சை விளக்குப்போலத் தெரியும். சங்கிலி ரம்பத்தால் சதுரமாக அறுத்த பனிப்பாளத்தைக் கழியால் அழுத்திப் பக்கத்துப் பனிக்கடியில் தள்ளிவிடுவது வழக்கம். துளைக்குள் மரத்தில் செதுக்கி, வயிற்றில் ஈயம் வார்த்து, தகரத் துடுப்பு பொருத்திய பொய்மீன் ஒன்று கயிற்றில் தொங்கும். ஸ்டர்ஜன் எதற்காக அதை நெருங்கி வருகிறது என்பதற்கு ஒவ்வொரு குடும்பமும் ஒரு காரணம் சொல்லும். பளிச்சென்ற நிறங்களில் தாத்தா செதுக்கிய பொய்மீனைப் பேரப்பிள்ளைகள் பத்திரப்படுத்துகிறார்கள். சேகரிப்பாளர்கள் அவற்றை நாட்டுப்புறக் கலையாக மதிக்கிறார்கள். ஈட்டி பல முட்களும் கொளுக்கிகளும் கொண்ட கனமான இரும்பு. மீனில் தைத்ததும் அதன் தலை கம்பிலிருந்து கழன்றுகொள்ள, வேட்டையாடுபவர் கயிற்றைப் பிடித்து மீனோடு போராடுவார். ஒரு மீனைக்கூடப் பார்க்காமல் பல பருவங்கள் உட்கார்ந்திருந்தவர்கள் ஏராளம். இந்தக் காத்திருப்பைப் புரிந்துகொள்ளாமல் இவ்வேட்டையைப் புரிந்துகொள்ள முடியாது.

ஸ்டர்ஜன் டைனோசர் காலத்து மீன்குடும்பத்தைச் சேர்ந்தது. எலும்புக்கூட்டின் பெரும்பகுதி குருத்தெலும்பு. உடலின் மேல் வரிசையாக எலும்புத் தகடுகள். பல் கிடையாது, தரையைத் தடவிப் புழுக்களை உறிஞ்சித் தின்னும். பெண்மீன் முதன்முறை முட்டையிட ஏறத்தாழ 25 ஆண்டுகள் ஆகும். அதன்பின்னும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் முட்டையிடும். நூறு வயதைத் தாண்டியும் வாழக்கூடியது. 2010 பிப்ரவரியில் இங்கே பிடிபட்ட 212.2 பவுண்டு (சுமார் 96 கிலோ) பெண்மீனே இந்த ஏரியின் பதிவான உச்சம். இவ்வளவு மெதுவாகப் பெருகும் இனத்தில் சில ஆண்டுப் பேராசை ஒரு தலைமுறையையே அழித்துவிடும்.

அப்படித்தான் நடந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் வட அமெரிக்கப் பேரேரிகளின் (Great Lakes) மீனவர்கள் தங்கள் வலைகளைக் கிழிக்கும் ஸ்டர்ஜனை வேண்டாத மீனாகக் கருதிக் கரையில் குவித்தார்கள். நீராவிப் படகுகளின் அடுப்பில் விறகாகவும் எரித்தார்கள். பிறகு அதன் முட்டைக்கும், புகைபோட்ட இறைச்சிக்கும், பியரைத் தெளியவைக்க உதவும் நெட்டி என்ற காற்றுப்பைக்கும் சந்தை உருவானது. 1900 வாக்கில் பேரேரிகளின் ஸ்டர்ஜன் தொழிலே சரிந்துவிட்டது. விஸ்கான்சின் 1915-இல் ஸ்டர்ஜன் பிடிப்பதைத் தடை செய்தது. வின்னிபேகோவில் மீன் மிஞ்சியிருந்ததால், 1931-இல் மாநிலச் சட்டம் குளிர்கால ஈட்டி வேட்டையை மட்டும் அனுமதித்தது.

இந்த வரலாற்றில் பலரும் சொல்லாமல் கடந்துபோகும் பகுதி மெனாமினி பழங்குடி மக்களுடையது. இளவேனிலில் ஸ்டர்ஜன் வின்னிபேகோவிலிருந்து வுல்ஃப் ஆற்றில் ஏறி முட்டையிடப் போகும். ஆற்றின் மேற்பகுதியில் உள்ள கெஷேனா அருவிக்கு அது வரும் நாள் அவர்களுக்குத் திருநாள். நீண்ட பனிக்காலப் பசி தீரும் நாளும் அதுவே. 1854-இல் அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலம் அந்த ஆற்றின் மேலேதான் இருக்கிறது. ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஷாவானோ ஊரில் கட்டிய அணை மீனின் வழியை மறித்தது. நூறாண்டுகள் அந்த அருவிக்கு ஸ்டர்ஜன் வரவில்லை. 1990-களில்தான் மாநில அரசு சடங்குக்கென மெனாமினிகளுக்கு மீன் தரத் தொடங்கியது. பின்னர் வளர்ந்த மீன்களை அணைக்கு மேலே கொண்டுபோய் விடும் பணியும் நடந்தது. பனிமேல் வேட்டையாடுபவர்களின் பெருமைக் கதையோடு இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

வேட்டையாடுபவர்களே காவலர்களாக மாறியது அடுத்த திருப்பம். 1977-இல் அவர்கள் ‘ஸ்டர்ஜன் ஃபார் டுமாரோ’ என்ற அமைப்பைத் தொடங்கி, ஆராய்ச்சிக்கும் இனப்பெருக்கத்துக்கும் பணம் திரட்டினார்கள். ஏப்ரலில் ஆற்றின் கரையோரப் பாறைகளில் முட்டையிட வரும் மீன்களைத் திருடர்களிடமிருந்து காக்கத் தன்னார்வலர்கள் முறைவைத்துக் காவல் இருக்கிறார்கள். இந்தப் பாறைகளுக்கும் ஒரு பின்கதை உண்டு: மண்ணரிப்பைத் தடுக்க நிலக்காரர்கள் ஆற்றங்கரையில் கொட்டிய கற்களில் மீன்கள் தாமாகவே முட்டையிடத் தொடங்கின. அதைக் கண்ட உயிரியலாளர்கள் வேண்டுமென்றே மேலும் பல இடங்களில் கல் கொட்டவைத்தார்கள்.

1995-இல் நீர் தெளிந்திருந்தது. 3,000-க்கும் மேற்பட்ட மீன்கள் பிடிபட்டன. அதிர்ந்துபோன நிர்வாகம் 1997-இலிருந்து பிடிப்புக்கு உச்சவரம்பு வைத்தது. வளர்ந்த பெண்மீன், இளம் பெண்மீன், ஆண்மீன் என மூன்று தனித்தனி வரம்புகள். ஏதேனும் ஒன்று நிறைந்தால் பருவம் முடிந்தது. அதிகபட்சம் 16 நாட்கள், பகல் ஒரு மணி வரை, ஒருவருக்கு ஒரு மீன், 36 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. பிடித்த மீனை அன்றே பதிவு நிலையத்துக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே எடையும் நீளமும் எடுக்கப்படும். மீன் தொங்கும் தராசைச் சுற்றி ஊரே கூடும். ஆற்றுவழியில் வின்னிபேகோவுக்கு மேலுள்ள சிற்றேரிகளில் வேட்டையாட 2007 முதல் குலுக்கல் முறையில் அனுமதி.

ஏரியில் பனி கெட்டியாவதைப் பார்ப்பது உள்ளூர் மீன்பிடிச் சங்கங்களின் வேலை. அவை பனியின் தடிமனை அளந்து, பாதை அமைத்து, கிறிஸ்துமஸ் முடிந்து வீசப்பட்ட மரங்களை அடையாளமாக நட்டு, வெடிப்புகளின் மேல் பலகைப் பாலம் போடும். நடக்க நான்கு அங்குலப் பனி போதும். சரக்கு வண்டி ஓட ஓரடிக்கு மேல் வேண்டும். விஸ்கான்சினில் பதிவான குளிர்காலங்களிலேயே வெப்பமான 2023–24-இல் அந்தத் தடிமனுக்கு ஏரியில் பனி கட்டவில்லை. வண்டிகள் கரையிலேயே நின்றன. பல குடில்கள் அந்த ஆண்டு ஏரிக்குப் போகவில்லை.