விரைவு எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது?: அமெரிக்கச் செவிலியர் பட்டப் படிப்பும் தொழில் மாறுவோர் சேர்க்கையும்

வேறொரு துறையில் இளநிலைப் பட்டம் பெற்று, பெரும்பாலும் அத்துறையிலேயே சில ஆண்டுகள் வேலையும் பார்த்துவிட்டுச் செவிலியராக விரும்புவோருக்கென்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் சுருக்கப்பட்ட படிப்பு, 'விரைவு பிஎஸ்என்' என்று அறியப்படுகிறது. பள்ளிப் படிப்பை முடித்து நேரே வரும் மாணவர் நான்கு ஆண்டுகளில் பெறும் அதே செவிலியர் இளநிலைப் பட்டத்தை இவர்கள் பெரும்பாலும் 11 முதல் 18 மாதங்களுக்குள் பெற்றுவிடுகின்றனர். மொழி, வரலாறு, சமூக அறிவியல் முதலிய பொதுப் பாடங்களை முதல் பட்டத்திலேயே படித்து முடித்திருப்பதால் அவற்றை மறுபடி படிக்க வேண்டியதில்லை என்பதே இச்சுருக்கத்துக்குச் சொல்லப்படும் காரணம். ஆனால் இந்த மாதக் கணக்கு பெரும்பாலும் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்துதான் தொடங்குகிறது. சேர்வதற்கு முன் விண்ணப்பதாரர் தம் சொந்தப் பொறுப்பில் கழிக்க வேண்டிய காலம் அதில் இடம்பெறுவதில்லை. விடுபட்ட அந்தக் காலமே யார் உள்ளே வருகிறார், யார் வெளியே நிற்கிறார் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது என்பதும், சேர்க்கை விதிகளில் விண்ணப்பதாரரின் தகுதியைவிடக் கல்வி நிறுவனங்களின் அச்சமும் இடப் பற்றாக்குறையுமே மிகுதியாகத் தெரிகின்றன என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பட்டதாரிகளைக் குறுகிய காலத்தில் செவிலியராக்கும் எண்ணம் புதியதன்று. முதல் உலகப் போரின்போது, 1918-ஆம் ஆண்டுக் கோடையில், நியூயார்க் மாநிலத்து வாஸர் கல்லூரியில் ஒரு பயிற்சி முகாம் நடைபெற்றது. கல்லூரிப் பட்டம் பெற்ற நானூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் அங்கே 12 வாரங்கள் தங்கி உடற்கூறியல், வேதியியல், பாக்டீரியாவியல் போன்ற பாடங்களைப் படித்தபின் மருத்துவமனைப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டனர். வழக்கமான மூன்றாண்டுப் பயிற்சி அவர்களுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாகக் குறைந்தது. 1923-இல் தொடங்கிய யேல் பல்கலைக்கழகச் செவிலியர் பள்ளி, 1934 முதல் பட்டதாரிகளை மட்டுமே சேர்த்துக்கொண்டது. இன்றைய வடிவிலான விரைவு பிஎஸ்என் படிப்பை முதலில் தொடங்கியது செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம், ஆண்டு 1971. இவற்றுள் வாஸர் முகாமே இங்கு கவனிக்கத் தக்கது. அறிவியல் அடிப்படை இல்லாதவர்கள் வருவார்கள் என்பதை அம்முகாமை நடத்தியவர்கள் முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, அந்த அடிப்படையை இடுவதையே முகாமின் வேலையாக வைத்திருந்தனர். இன்று அதே பாடங்கள் வாசலுக்கு வெளியே தள்ளப்பட்டு 'முன்தகுதிப் பாடங்கள்' என்ற பெயரைப் பெற்றிருக்கின்றன.

முன்தகுதிப் பாடங்கள் என்பவை விண்ணப்பிக்கும் முன்போ, வகுப்பு தொடங்கும் முன்போ விண்ணப்பதாரர் வேறெங்காவது படித்துத் தேறியிருக்க வேண்டிய பாடங்கள். பள்ளிக்குப் பள்ளி பட்டியல் சற்று மாறினாலும் உடற்கூறும் உடலியங்கியலும் சேர்ந்த பாடம் இரண்டு பருவங்கள், நுண்ணுயிரியல், வேதியியல், புள்ளியியல், ஊட்டச்சத்தியல், மனித வளர்ச்சி உளவியல் ஆகியவை பெரும்பாலும் இடம்பெறுகின்றன. கல்லூரிப் பாடத்தின் எடையை அளக்கும் அலகாகிய 'கிரெடிட்' கணக்கில் இவை ஏறத்தாழ 24 ஆகும். எண்ணிக்கையைக் காட்டிலும் வரிசைதான் தொல்லை தருகிறது. உடலியங்கியலின் முதல் பகுதியில் தேறாமல் இரண்டாம் பகுதியில் அமர முடியாது. நுண்ணுயிரியலுக்கு முன் வேதியியலோ பொது உயிரியலோ வேண்டும் என்னும் கல்லூரிகளும் உண்டு. வேலையை விடாமல் படிப்பவருக்குத் தேவைப்படும் மாலைநேர ஆய்வக வகுப்போ விரைவில் நிரம்பிவிடும். அது கிடைக்காமல் போனால் ஒரு பருவம் முழுவதும் வீணாகும். இதற்கு மேல் 'காலாவதி' விதி ஒன்றும் உண்டு: அறிவியல் பாடங்களைப் படித்து ஐந்து அல்லது ஏழு ஆண்டுகள் கடந்திருந்தால் அவை செல்லாது என்று பல பள்ளிகள் வைத்திருப்பதால், பத்தாண்டுகளுக்கு முன் உயிரியலில் பட்டம் பெற்றவரும் அதே உடற்கூறியலை மறுபடி படிக்க வேண்டியிருக்கிறது. தொழில் மாறுவோருக்கென்றே அமைந்த படிப்பில் இந்த விதி தொழில் மாறுவோரையே தேடிப் பிடிக்கிறது என்பது விந்தையானது. நேற்றுப் பட்டம் வாங்கியவரை அது தொடுவதே இல்லை.

அடுத்தது ஜிபிஏ எனப்படும் மதிப்பெண் சராசரி. நான்கு புள்ளிக்கு மூன்று என்பது இப்படிப்புகளில் பரவலாகக் கேட்கப்படும் குறைந்த அளவு. முதல் பட்டத்தில் 120 கிரெடிட்டுகளை எல்லாப் பருவங்களிலும் 2.7 என்ற சராசரியோடு முடித்த ஒருவர், பின்னர் 24 கிரெடிட் முன்தகுதிப் பாடங்கள் அனைத்திலும் முழுப் புள்ளியாகிய நான்கைப் பெற்றதாகக் கொண்டு கணக்கிட்டால் நிலைமை தெளிவாகும். பழைய புள்ளிகள் 324, புதியவை 96, மொத்தம் 420. இதை 144-ஆல் வகுத்தால் வருவது 2.92 மட்டுமே. அறிவியலில் ஒரு குறையும் இன்றித் தேறிய பிறகும் அவர் வாசலைத் தாண்டவில்லை. தாண்ட வேண்டுமானால் முழுப் புள்ளியோடு 36 கிரெடிட் படித்திருக்க வேண்டும். கடைசி 60 கிரெடிட்டுகளின் சராசரியை மட்டும் பார்க்கும் பள்ளிகளும் இருக்கின்றன. அங்கே அதே மனிதரின் அதே பட்டியல் 3.22 என்று வாசிக்கப்படுகிறது. படிப்பிலோ திறமையிலோ எதுவும் மாறாமல், வகுக்கும் எண் மாறியதாலேயே தகுதியற்றவர் தகுதியுள்ளவராகிவிடுகிறார் என்றால், அந்த எல்லைக்கோடு தகுதியை அளக்கிறது என்று சொல்வது கடினம். இருபது வயதில் பொருளியல் வகுப்பில் வாங்கிய குறைந்த மதிப்பெண், முப்பத்தைந்து வயதில் நோயாளிக்கு மருந்தளவு கணக்கிடும் திறனைப் பற்றி என்ன சொல்லும் என்ற கேள்வியை இவ்விதிகள் கேட்டுக்கொள்வதும் இல்லை.

பள்ளிகள் இவ்வளவு இறுக்கமாக இருப்பதற்குக் காரணத்தை நுழைவாயிலில் தேடுவதைவிட வெளியேறும் வாயிலில் தேடுவது பயன் தரும். பட்டம் பெற்றவர் பதிவுபெற்ற செவிலியராக என்கிளெக்ஸ்-ஆர்என் என்னும் உரிமத் தேர்வில் தேற வேண்டும். 1994 முதல் கணினியில் நடக்கும் இத்தேர்வு, தேர்வரின் விடைகளைப் பொறுத்து அடுத்த கேள்வியின் கடினத்தை மாற்றிக்கொள்வது. 2023 ஏப்ரலில் நோயாளியின் நிலையைச் சீர்தூக்கி முடிவெடுக்கும் திறனைச் சோதிக்கும் புதுவகைக் கேள்விகள் இதில் சேர்ந்தன. ஒரு பள்ளியின் மாணவர்களில் முதல் முயற்சியிலேயே தேறுவோர் விகிதத்தை மாநிலச் செவிலியர் வாரியங்கள் கண்காணிக்கின்றன. 80 விழுக்காடு என்பது பரவலாக வழங்கும் அளவுகோல். அது தொடர்ந்து குறைந்தால் பள்ளியின் அங்கீகாரத்துக்கே ஆபத்து. ஆகவே தேர்வில் தவறக்கூடியவரைச் சேர்ப்பது பள்ளிக்கு நேரடி இழப்பாகிறது. நல்ல செவிலியராகியிருக்கக்கூடிய ஒருவரைத் திருப்பி அனுப்புவதால் அதற்கு எந்த இழப்பும் இல்லை. இந்த அச்சத்தால் நுழைவாயிலிலும் ஒரு தேர்வு நிற்கிறது. 209 நிமிடங்களில் 170 கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டிய 'டீஸ்' என்னும் நுழைவுத் தேர்வு வாசிப்பு, கணிதம், அறிவியல், ஆங்கிலம் ஆகியவற்றைச் சோதிக்கிறது. தேர்வெழுதத் தெரிந்தவரைக் கண்டுபிடிக்கத் தேர்வே ஏற்ற கருவி என்ற அளவில் அது தன் வேலையைச் செய்கிறது.

பற்றாக்குறை இரண்டாவது காரணம். அமெரிக்கச் செவிலியர் கல்லூரிகள் சங்கத்தின் கணக்குப்படி, இளநிலை, முதுநிலைச் செவிலியர் படிப்புகளில் தகுதியிருந்தும் இடம் மறுக்கப்பட்ட விண்ணப்பங்கள் 2021-இல் 91,938, 2022-இல் 78,191, 2023-இல் 65,766. இவை விண்ணப்பங்களின் எண்ணிக்கை, ஆட்களின் எண்ணிக்கையன்று. ஒருவரே பல பள்ளிகளுக்கு விண்ணப்பிப்பது வழக்கம் என்பதால் இவ்வெண்களை அப்படியே ஆட்களாகப் படிப்பது தவறு. ஆயினும் காரணங்கள் தெளிவாகவே இருக்கின்றன: ஆசிரியர் போதவில்லை, மருத்துவமனைப் பயிற்சிக்கு இடம் போதவில்லை. டெக்சாஸ் மாநில விதிப்படி ஓர் ஆசிரியர் தனியாகப் பொறுப்பேற்று வார்டுக்கு அழைத்துச் செல்லக்கூடிய மாணவர்கள் பத்துப் பேர் மட்டுமே. வகுப்பறையில் நாற்காலிகளைக் கூட்டிவிடலாம். வார்டில் பதினோராவது மாணவருக்கு இன்னோர் ஆசிரியர் வேண்டும், முதுநிலைப் பட்டம் பெற்ற செவிலியருக்கோ கற்பிப்பதைவிட நோயாளிகளைப் பார்ப்பதில் ஊதியம் அதிகம். இடங்கள் இப்படி நிலைத்துவிட்ட பிறகு, சராசரி மூன்று என்ற எல்லைக்கோடு பெயருக்கு நிற்க, உண்மையான கோடு அவ்வாண்டு வந்த விண்ணப்பங்களின் எண்ணிக்கையைப் பொறுத்து மேலே ஏறுகிறது.

இந்த விமர்சனத்துக்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் எளிதில் தள்ளக்கூடியதன்று. ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்குள் மருந்தியல், நோயியல், அறுவைப் பிரிவு, குழந்தை நலம், மகப்பேறு, மனநலம் என எல்லாவற்றையும் கடக்கும் படிப்பில் அடிப்படை அறிவியல் தளர்ந்தவர் இரண்டாம் மாதத்திலேயே தடுமாறுவார். அவரை உள்ளே விட்டுக் கடனோடு வெளியேற்றுவது கருணையாகாது. இது உண்மை. ஆனால் அடிப்படை வேண்டும் என்பதிலிருந்து, அதை யார் செலவில், எந்த இடத்தில் பெற வேண்டும் என்பது தானாக விளைவதில்லை. மதிப்பெண்ணோடு வாழ்க்கை அனுபவத்தையும் குணங்களையும் சேர்த்து எடைபோடும் 'முழுமை நோக்கு மதிப்பீடு' ஓரளவு மாற்றாக அமையலாம். எனினும் மதிப்பெண் வடிகட்டலுக்குப் பிறகு எஞ்சியவர்களுக்கு மட்டுமே அது பயன்படும் இடங்களில், ஆசிரியராகவோ சமூகப் பணியாளராகவோ கழிந்த பதினைந்து ஆண்டுகள், 'ஏன் செவிலியராக விரும்புகிறீர்கள்' என்ற ஒருபக்கக் கட்டுரைக்குள் சுருங்கிவிடுகின்றன.

இந்தியாவிலிருந்து குடியேறிய பட்டதாரிகளுக்கு, தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பயின்றவர்கள் உட்பட, இதோடு ஒரு கூடுதல் தடையும் உண்டு. நம் மூன்றாண்டு பிஎஸ்சி, பிகாம் பட்டங்களை அமெரிக்க நான்காண்டுப் பட்டத்துக்கு நிகராக ஏற்கும் பள்ளிகளும் ஏற்காத பள்ளிகளும் இருக்கின்றன; ஏற்காத இடத்தில் அவர்கள் பட்டதாரிகளே அல்லர், ஆகவே விரைவுப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் நிலையிலேயே இல்லை.

பணத்தின் பங்கு இறுதியாக வந்தாலும் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது அதுவே. குறைந்த வருவாயினருக்கு அமெரிக்க மத்திய அரசு தரும் திருப்பிச் செலுத்த வேண்டாத பெல் உதவித்தொகை, ஏற்கெனவே ஓர் இளநிலைப் பட்டம் பெற்றவருக்குக் கிடையாது. ராபர்ட் உட் ஜான்சன் அறக்கட்டளை 2008-இல் தொடங்கிய 'நர்சிங்கில் புதிய தொழில்கள்' திட்டம் 130 பள்ளிகள் வழியாகத் தலா 10,000 டாலர் வீதம் 3,517 உதவித்தொகைகளை வழங்கிவிட்டு முடிவுற்றது; அதுவும் இடம் கிடைத்தவர்களுக்குத்தான். முன்தகுதிப் பாடங்களுக்கு மத்திய அரசின் கல்விக் கடன் உண்டு, தொடர்ச்சியான 12 மாதங்களுக்கு மட்டும், ஒரே முறை. விரைவுப் படிப்புக்கு முன் ஓராண்டு ஒளிந்திருக்கிறது என்பதை அரசின் கடன் விதியே இவ்வாறு ஒப்புக்கொள்கிறது எனலாம். அக்கடனைப் பெற மாணவர் குறைந்தது பாதிநேரப் படிப்பில், அதாவது பொதுவாகப் பருவத்துக்கு ஆறு கிரெடிட்டுகளில், சேர்ந்திருக்க வேண்டும்; பகலில் வேலை பார்த்துக்கொண்டு மாலையில் நான்கு கிரெடிட் உடற்கூறியலை மட்டும் படிப்பவர் அந்த எல்லைக்குக் கீழே நின்றுவிடுகிறார். சேர்க்கைக்குக் கட்டாயமான பாடங்களுக்கே கடன், சராசரியை உயர்த்திக்கொள்ள மட்டும் படிக்கும் பாடங்களுக்கு இல்லை என்பதும் விதி. மேலே கணக்கிட்ட 2.7 சராசரிக்காரருக்குத் தேவைப்பட்ட 36 கிரெடிட்டுகளில் 24-க்குக் கடன் கேட்கலாம். எஞ்சிய 12-ஐ அவர் தம் சம்பளத்திலிருந்துதான் கட்ட வேண்டும்.