இரும்பு கிழித்தால் எந்த ஊசி?

எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் கார் பூட்டத் தொடங்கியது 1949-இல். திருவொற்றியூருக்கு என்ஃபீல்டு வந்தது 1955-இல். அன்று முதல் ராயபுரம் துறைமுகம் வரை வேலை பார்த்த நம் கல்லூரிக்காரர்கள் எல்லோரும் கேட்ட வார்த்தை: "இரும்பு கிழிச்சிடுச்சா? போய் ஒரு ஊசி போட்டுக்கப்பா!" அந்த ஊசி ஒன்றல்ல, இரண்டு.

முதலாவது, பழைய ஆட்கள் 'ஏ.டி.எஸ்.' என்று சொல்வது. ரண ஜன்னியின் நஞ்சை முறிக்கும் எதிர்ப்புப் பொருள் ரத்த சீரத்தில் இருப்பதை 1890-இல் பெர்லினில் பேரிங்கும் கிடாசாட்டோவும் காட்டினார்கள். பிறகு குதிரைக்குச் சிறுகச் சிறுக நஞ்சேற்றி, அதன் சீரத்தை எடுத்தார்கள். 1914-இல் தொடங்கிய உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு அதைப் போட்டதும் ஜன்னி மளமளவென்று குறைந்தது.

ஆனால் குதிரையின் புரதம் நம் உடம்புக்கு அந்நியச் சரக்கு. ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பு அதை அடையாளம் கண்டு அழித்துவிடும். அப்போது காய்ச்சல், தடிப்பு, மூட்டுவலி வரும். இந்த 'சீரம் நோயை' 1905-இல் பிர்கேயும் ஷிக்கும் விவரித்தார்கள். மறுமுறை போட்டால் இன்னும் சீக்கிரம் அழியும்; சிலருக்கு உயிருக்கே ஆபத்து. அதனால்தான் முன்கையில் 'டெஸ்ட் டோஸ்'.

பின்னாளில் மனித ரத்தத்திலிருந்தே இம்யூனோகுளோபுலின் எடுத்தார்கள். தசையில் போட்டால் இரண்டு மூன்று நாளில் ரத்தத்தில் நன்றாகக் கலக்கும். ரத்தக்குழாய்ச் சுவரின் செல்கள் அதைச் சிதைக்காமல் திருப்பி அனுப்புவதால் நீடிக்கும். ஆனாலும் சுமார் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகும். நம்ம கணக்கில் சொன்னால், 250 யூனிட் 125 ஆகி, ஆறு வாரத்தில் 62-க்கு வந்துவிடும். கடன் வாங்கிய பணம், செலவழிந்தால் தீர்ந்தது.

இரண்டாவது ஊசி 'டி.டி.'. 1920-களில் பிரான்ஸில் ரமோன், ஃபார்மலினால் நஞ்சின் விஷத்தைப் போக்கித் தந்த வழி அது. எதிர்ப்புப் பொருளை உடம்பே தயாரித்துக்கொள்ளும். ஆனால் புதிதாகப் போட்டுக்கொள்பவருக்கு அதற்கு வாரக்கணக்கில் ஆகும். முழுத் தவணையும் முடித்தால் பத்து வருஷம் தாங்கும்.

ஆகவே, தவணை முடிக்காதவருக்கு அழுக்கான காயம் என்றால் இரண்டும் வேண்டும், வேறு வேறு இடத்தில். "அன்னைக்கே ஊசி போட்டாச்சே" என்று இருந்துவிடக் கூடாது. அது எந்த ஊசி என்று கேளுங்கள். பட்டறை நடத்தும் நண்பர்களே, மெஷின் சர்வீஸ் தேதி எழுதும் நோட்டில் ஆட்களின் ஊசித் தேதியும் ஏறட்டும். கான்ட்ராக்ட் ஆட்களை விட்டுவிடாதீர்கள்.