ஒரு பழைய வாட்ச்சுக்கு 115 கோடி ரூபாயா? விளையாட்டு வரலாறு சொல்லும் கடிகாரங்களும் அவற்றின் போலிகளும்

2017 அக்டோபர் 26 அன்று நியூயார்க்கில் பிலிப்ஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் ஒரு பழைய ரோலக்ஸ் டேடோனா 1.77 கோடி டாலருக்கு விற்பனையானது. அன்றைய மதிப்பில் சுமார் 115 கோடி ரூபாய். எஃகு கேஸ், சாவி கொடுத்து ஓட்டும் மெஷின். தங்கமும் இல்லை, வைரமும் இல்லை. 1960-களில் கடையில் சில நூறு டாலருக்குக் கிடைத்த மாடல்தான்.

அப்புறம் ஏன் இந்த விலை? நடிகரும் கார் பந்தய வீரருமான பால் நியூமன் கட்டியிருந்த வாட்ச் அது. மனைவி ஜோன் உட்வர்ட் அதை வாங்கி, 'பார்த்து ஓட்டுங்கள்' என்ற பொருளில் பின்மூடியில் பொறித்துக் கொடுத்திருந்தார்.

வரலாற்றோடு ஒரு வாட்ச்சுக்கு இருக்கும் தொடர்புக்குத்தான் சேகரிப்பாளர்கள் பணம் கொடுக்கிறார்கள். அந்தத் தொடர்பை நிரூபிக்க முடியாவிட்டால் அது வெறும் பழைய வாட்ச்தான்.

என்னென்ன வகைகள்?

வீரர்கள் கட்டிய வாட்ச் ஒரு வகை. நியூமனின் டேடோனா அதற்கு உதாரணம்.

விளையாட்டுக்காகவே உருவானவை இரண்டாவது வகை. 1957-ல் வந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் பின்னாளில் நிலவுக்குப் போனதால் புகழ்பெற்றது. ஆனால், கார் பந்தயத்தை மனதில் வைத்து உருவாக்கப்பட்ட வாட்ச் அது. கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தில் வேகம் கணக்கிடும் அளவுகோல் இருக்கும்.

மூன்றாவது வகை, நினைவுப் பதிப்புகள். 1932 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 30 ஸ்டாப்வாட்ச்களுடன் நேரம் கணித்த ஒமேகா, 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கை ஒட்டி ஒரு தங்க சீமாஸ்டரை வெளியிட்டது. அது 16-வது ஒலிம்பிக் என்பதால் டயலில் ரோமன் எழுத்தில் 16 என்று இருக்கும். இறுதிப் போட்டியில் பாகிஸ்தானை 1-0 என வென்று இந்திய ஹாக்கி அணி தொடர்ந்து 6-வது தங்கம் வாங்கியதும் அதே மெல்போர்னில்தான்.

இந்தியாவில் தொடங்கிய கதை

இந்த உலகின் மிகப் பிரபலமான மாடல்களில் ஒன்றுக்கு விதை விழுந்தது இந்திய போலோ மைதானத்தில். 1930-ஐ ஒட்டி இங்கே வந்த சுவிஸ் வணிகர் சீசர் டி ட்ரேயிடம், ஆட்டத்தின்போது வாட்ச் கண்ணாடி உடைந்துபோகிறது என்று பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் குறைபட்டுக்கொண்டார்கள். அதற்கு விடையாக வந்ததுதான் 'ரிவர்சோ'. கேஸை நகர்த்தித் திருப்பினால் கண்ணாடி உள்பக்கம் போய்விடும். உலோக முதுகு வெளியே தெரியும். 1931 மார்ச் 4-ல் இதற்கான காப்புரிமை விண்ணப்பம் பாரிஸில் பதிவானது. அந்த வெற்று முதுகில் பெயர், முத்திரை, ஓவியம் எனப் பொறித்துக்கொண்டார்கள். பழைய ரிவர்சோ கிடைத்தால் சேகரிப்பாளர்கள் முதலில் திருப்பிப் பார்ப்பது இதைத்தான்.

போலி எப்படி உருவாகிறது?

தொடர்பைச் சொல்வது பெரும்பாலும் டயலும் பின்மூடியும்தான். மாற்றுவதற்கு எளிதானவையும் அவையே. பழைய எச்எம்டி, சீக்கோ, ஃபாவ்ரே-லியூபா மெஷின்களை எடுத்து, டயலுக்குப் புது பெயின்ட் அடித்து விற்கும் வாட்ச்களுக்குச் சேகரிப்பாளர்கள் மத்தியில் 'மும்பை ஸ்பெஷல்' என்றே பெயர். பெயின்ட் அடிக்கும்போது எந்த லோகோவையும் சேர்க்கலாம், இல்லையா?

கம்பெனிக்காரர்களே ஏமாந்ததும் உண்டு. 2021-ல் ஜெனீவா ஏலத்தில் ஒரு ஆரம்பகால ஸ்பீட்மாஸ்டரை 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு வாங்கியது ஒமேகாவேதான். வெவ்வேறு வாட்ச்களின் பாகங்களைச் சேர்த்து அது உருவாக்கப்பட்டது என்பது 2023-ல் வெளியே வந்தது. முன்னாள் ஊழியர்கள் மூவருக்கு இதில் தொடர்பு இருப்பதாக ஒமேகா கூறியது.

வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

• டயல்: எழுத்து தடித்து, கோணலாக, மை பரவியிருந்தால் சந்தேகம் வரவேண்டும். கேஸ் தேய்ந்திருக்க, டயல் மட்டும் பளபளவென்று இருந்தாலும் அப்படித்தான்.

• மெஷினின் வயது: பழைய சீக்கோவின் பின்மூடி வரிசை எண்ணில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம். 82 என்று தொடங்கினால் 1968, 1978 அல்லது 1988 பிப்ரவரி. எந்தப் பத்தாண்டு என்பதை மெஷின் எண் சொல்லிவிடும். 1970-களில் வந்த 7009 மெஷினின் மேல் 'டோக்கியோ 1964' டயல் இருந்தால் அது பிறகு ஒட்டவைத்தது.

• பொறிப்பு: கேஸ் தேய்ந்த அளவுக்கு எழுத்தின் விளிம்பும் தேய்ந்திருக்க வேண்டும்.

• ஆவணம்: பில், பரிசளிப்புப் புகைப்படம், கடிதம். வாய்வழிக் கதைக்குத் தனி விலை கொடுக்காதீர்கள்.

• ரேடியம்: 1960-களுக்கு முந்தைய ஒளிரும் டயல்களில் ரேடியம் இருக்கலாம். நீங்களே கழற்றிச் சுரண்ட வேண்டாம்.

வீட்டிலேயே ஒன்று இருந்தால்?

தாத்தா ஏதோ ஒரு போட்டியில் ஜெயித்து வாங்கிய வாட்ச் பீரோவில் கிடக்கலாம். ரிப்பேருக்குக் கொடுத்தால், மெஷினைச் சுத்தம் செய்தால் போதும் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். டயலுக்குப் பெயின்ட், பின்மூடிக்கு பாலிஷ் இரண்டும் வேண்டாம். அவை போனால் சான்றும் போய்விடும். எந்த ஆண்டு, எந்தப் போட்டி, யார் கொடுத்தது என்பதைத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி, வாட்ச்சோடு சேர்த்து வையுங்கள்.