பிள்ளைக்குக் காற்று மாற்றம்

போன வாரம் சென்னையிலிருந்து மகன் போன் பண்ணினான். பேரனுக்கு ஒன்றரை வயது முடிந்திருக்கிறது. "அப்பா, லீவுல பிள்ளைக்குக் கடல் காட்டணும். கோவா, அந்தமான்னு விசாரிச்சா விலை கேட்டாலே தலை சுத்துது. கையைக் கடிக்காம எங்க போகலாம், சொல்லுங்க" என்றான்.

நான் காரைக்காலில் பிறந்து கடலைப் பார்த்து வளர்ந்தவன். இப்போது துணைவியாரின் ஊரான வத்தலக்குண்டில், பழனி மலையைப் பார்த்தபடி பென்ஷனில் காலம் தள்ளுகிறேன். மலையும் தெரியும், கடலும் தெரியும். ஆனாலும் சட்டென்று பதில் வரவில்லை. "ரெண்டு நாள் டைம் குடு தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டேன். யோசிக்க உட்கார்ந்தபோதுதான் உறைத்தது: கைக்குழந்தையை எங்கே கூட்டிப் போவது, எவ்வளவு செலவாகும் என்ற இதே கேள்வியிலிருந்துதான் நம் கொடைக்கானல் என்கிற ஊரே பிறந்தது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் வாத்தியார் ஒருவர் "ஷான்ஜ்மான் தேர்" என்று அடிக்கடி சொல்வார். காற்று மாற்றம் என்று பொருள். தேறாத பிள்ளையை வேறு காற்றடிக்கும் இடத்துக்கு அனுப்பினால் தேறிவிடும் என்பது அந்தக் கால ஐரோப்பியர்களின் நம்பிக்கை. 1750களில் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற ஆங்கில மருத்துவர் கடலில் குளிப்பதையும், கடல்நீரைக் குடிப்பதையும்கூட, மருந்தாகவே எழுதிவைத்தார். அதன் பிறகுதான் பிரைட்டன் என்ற மீனவர் ஊர் பெரிய கடற்கரை நகரமாயிற்று. இன்று நாம் உல்லாசம் என்று நினைக்கிற கடற்கரைப் பயணம், தொடக்கத்தில் வைத்தியம்தான்.

ஆனால் நம் பக்கத்துக் கடற்காற்று அவர்களைக் காப்பாற்றவில்லை. யாழ்ப்பாணத்தில் 1816 முதல் இருந்த அமெரிக்க மிஷனரிகளைச் சுற்றிலும் கடல்தான். அங்கே வேலை பார்த்த டாக்டர் ஜான் ஸ்கட்டர் தம்பதி தங்கள் முதல் குழந்தைகளைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்தார்கள். டாக்டர் வீட்டிலேயே இந்தக் கதி. யாழ்ப்பாணத்திலிருந்து 1834-இல் மதுரைக்கு வந்து மிஷனைத் தொடங்கியவர்களுக்கோ கடற்காற்றும் இல்லை. மதுரை வெயில், காய்ச்சல், காலரா. பெரியவர்களும் செத்தார்கள், பிள்ளைகளும் செத்தார்கள்.

ஊருக்குத் திரும்பலாம் என்றால் அமெரிக்காவுக்குப் பாய்மரக் கப்பலில் நான்கைந்து மாதம். குடும்பத்தோடு போய்வரும் செலவை மிஷன் அடிக்கடி தாங்காது. ஆகவே பக்கத்தில், குறைந்த செலவில், பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளும் ஓர் இடம் வேண்டியிருந்தது. என் மகன் கேட்டதும் அதுதானே!

முதலில் அவர்கள் தேர்ந்தெடுத்தது சிறுமலை. மதுரைக்குக் கிட்டத்தில் இருக்கிறது, குளிர்ச்சியும் உண்டு. வீடு கட்டிப் போய்த் தங்கினால் அங்கேயும் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் அர்த்தம். குற்றம் காற்றினுடையது அல்ல, கொசுவினுடையது என்று ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்தது 1897-இல். சிறுமலையின் உயரம் கொசுவை விரட்டப் போதாது. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலின் குளிர் அதை அண்டவிடாது. இந்தக் காரணம் தெரியாமலே, பட்டறிவால் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

அதற்கு முன்பே 1821-இல் லெப்டினன்ட் வார்டு என்ற நில அளவை அதிகாரி வெள்ளகவி கிராமத்திலிருந்து மேலே ஏறி வந்து, அந்த இடத்தைப் பார்த்து எழுதியிருந்தார். 1845-இல் அமெரிக்கர்கள் அங்கே முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். 'சன்னிசைடு', 'ஷெல்டன்' என்று பெயர். கொடைக்கானல் என்ற கோடை வாசஸ்தலத்தின் ஆரம்பம் இதுதான். லெவிஞ்ச் துரை ஏரி கட்டியது 1863-இல். பிரெஞ்சு இயேசு சபையின் செயின்ட் சீர் சாமியார் சலேத் மாதா கோயிலைக் கட்டியது 1866-இல். செண்பகனூர்ப் பெயரை நான் முதலில் கேட்டதே என் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சுச் சாமியார்கள் வாயால்தான்.

இதில் எனக்கு ஒரு வேடிக்கை தோன்றும். அதே 1845-இல்தான் டேனிஷ்காரர்கள் எங்கள் காரைக்காலுக்குப் பக்கத்திலுள்ள தரங்கம்பாடியை, வங்காளத்துச் செராம்பூரோடு சேர்த்து, பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றார்கள். 1620-இல் கோட்டை கட்டி உட்கார்ந்த ஊர்! கடற்கரையில் ஒரு பழைய ஐரோப்பிய ஊர் விலைபோன வருஷத்தில், மலைமேல் ஒரு புதிய ஊருக்குச் சுவர் எழும்பியது.

அந்தத் தரங்கம்பாடியில்தான் என் சித்தி வீடு இருந்தது. எனக்கு முன்னால் பிறந்த அக்காள் ஒருத்தி, ஒன்றரை வயதில், ஒரு சித்திரை மாதம் பேதியில் போய்விட்டாளாம். நான் பார்த்ததில்லை. அதன் பிறகு அம்மா ஒவ்வொரு சித்திரைக்கும் எங்களைச் சித்தி வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவாள். காரைக்காலிலும் அதே கடல்தானே என்று அப்பா கேட்டால், "அங்க காத்து வேற" என்பாள். வாத்தியார் பிரெஞ்சில் சொன்னதை, எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா தமிழில் சொன்னாள். செலவு பஸ் சார்ஜோடு சரி. பாட்டி காலத்து நம்பிக்கை என்று நான் சிரித்ததுண்டு. பிறகு எனக்கே பிள்ளை பிறந்ததும் சிரிப்பு நின்றது.

1983 மே மாதம். மகனுக்கு அப்போது, இன்றைய பேரனின் வயது. உடம்பெல்லாம் வேர்க்குரு, ராத்திரி முழுக்க அழுகை. அம்மா தரங்கம்பாடி என்றாள். துணைவியார் கொடைக்கானல் என்றார். நான் குமாஸ்தா; மாசக் கடைசியில் கையில் நூறு ரூபாய் மிஞ்சினால் பெரிய விஷயம். எப்படியோ கடன் வாங்கி மலைக்கே புறப்பட்டோம்.

வத்தலக்குண்டில் பஸ் ஏறினோம். காட் ரோடு வளைவுகளில் பிள்ளை மூன்று தடவை வாந்தி எடுத்தான். உயரம் ஏற ஏறக் காது அடைத்து வீறிட்டான். பக்கத்து சீட் அம்மாள்தான் "பால் குடுங்க, முழுங்கினா காது விட்டுடும்" என்றார். அப்படியே ஆயிற்று. லாட்ஜில் வெந்நீர் உண்டு என்று சொல்லித்தான் அட்வான்ஸ் வாங்கினார்கள். போனபின் இல்லை என்றார்கள். தெருவோரம் விறகடுப்பில் வெந்நீர் காய்ச்சி விற்றுக்கொண்டிருந்த ஒரு பாட்டி, "பச்சப்புள்ளைய இந்தக் குளிர்ல இப்படித் தூக்கிட்டு வரலாமா?" என்று என்னைத் திட்டிவிட்டு, ஒரு வாளி வெந்நீரைக் காசு வாங்காமல் கொடுத்தார். இரண்டாம் நாளே வேர்க்குரு அடங்கியது. பிள்ளை ராத்திரி முழுக்கத் தூங்கினான். காரைக்கால் திரும்பிய மூன்றாம் நாள் வேர்க்குருவும் திரும்பியது. கடனை அடைக்க எட்டு மாதம் ஆயிற்று!

எனக்காவது பஸ் இருந்தது. அந்தக் காட் ரோடு முதல் உலகப் போர்க் காலத்தில்தான் போடப்பட்டது. ரயிலே நம் அம்மையநாயக்கனூருக்கு 1875-இல்தான் வந்தது. இன்றைய கொடை ரோடு ஸ்டேஷன். அதற்கு முன் வெள்ளைக்காரக் குடும்பங்கள் மதுரையிலிருந்து மாட்டு வண்டியில் ராத்திரிப் பயணமாகப் பெரியகுளம் பக்கத்து மலையடிவாரத்துக்கு வந்து, அங்கிருந்து ஒற்றையடிப் பாதையில் மேலே போவார்கள். ஆண்கள் குதிரையில், பெண்களும் பிள்ளைகளும் டோலியில். டோலியைச் சுமந்தவர்கள் நம் அடிவாரத்து ஆட்கள். நான் படித்த புத்தகங்களில் அவர்களில் ஒருவர் பெயரும் இல்லை. கூலி என்று மட்டும் இருக்கிறது. முப்பத்தைந்து வருஷம் கணக்கு எழுதியவன் என்பதால் இது என் கண்ணில் படுகிறது. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் அதே சித்திரை வெயிலில், அதே காய்ச்சலில்தான் கிடந்திருப்பார்கள். அவர்களுக்குக் காற்று மாற்றம் என்ற பேச்சே கிடையாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வார்டு துரை ஏறிவந்த வெள்ளகவிக்கு, 1821-க்குப் பிறகு இருநூறு வருஷம் ஆகியும் மோட்டார் ரோடு வராமலே இருந்தது. நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் டோலி கட்டித்தான் தூக்கிவந்தார்கள். வெளியூர்ப் பிள்ளைகள் பிழைப்பதற்காக டோலியில் மேலே போன மலையில், மலைப் பிள்ளைகள் பிழைப்பதற்காக டோலியில் தூக்கிவரப்பட்டார்கள். சீசனில் நம் ஊர் வழியாக வரிசையாகப் போகும் கார்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஞாபகம் வரும்.

சரி, மகனுக்கு என்ன சொன்னேன்?

இந்த வயதுப் பிள்ளைக்குக் கொண்டை ஊசி வளைவு வேண்டாம் என்றேன். தரங்கம்பாடியும் வேண்டாம் என்றேன். அங்கே அலை பெரிது. 2004 சுனாமி அந்த ஊரில் செய்ததை எங்கள் வீட்டில் யாரும் மறக்க முடியாது. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் வழியில் உச்சிப்புளிக்குப் பக்கத்தில் அரியமான் கடற்கரை இருக்கிறது. பாக் நீரிணையின் கடல் அது. ஆழம் குறைவு, அலையும் சின்னது. சவுக்குத் தோப்பு நிழலும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று வீசும்போது மட்டும் கொந்தளிக்கும். மாசி, பங்குனியில் போகலாம். ராத்திரி ராமநாதபுரத்தில் தங்கினால் ஆஸ்பத்திரியும் பால் கடையும் பக்கத்திலேயே. குடிதண்ணீரைக் காய்ச்சி எடுத்துக்கொள். காலை ஒன்பது மணிக்குள் மணலில் விளையாட்டை முடித்துவிடு.

"செலவு எவ்வளவுப்பா ஆகும்?" என்றான்.

"அந்தமானுக்கு ஆகறதுல பத்துல ஒரு பங்குகூட ஆகாது. மிச்சத்தை வச்சுக்கிட்டு நாலு நாள் கூடுதலா லீவு போடு. பிள்ளைக்கு வேண்டியது கடல் இல்ல தம்பி, பக்கத்துல நீ இருக்கணும்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்ப நீங்களும் அம்மாவும் மதுரையில ஏறிக்குங்க, சேர்ந்து போவோம்" என்றான். துணைவியார் இப்போதே வெந்நீர் பிளாஸ்க்கைத் தேட ஆரம்பித்துவிட்டார்.