ஈயக்குண்டு கட்டி சால்மன் பிடிச்ச கதை

ட்ரோலிங்னு சொன்னதும் பின்னூட்டத்துல வந்து வம்பிழுக்கிற சமாச்சாரம்னு நினைச்சுடாதீங்க மக்களே. (அதிலயும் நம்மாளுங்க கில்லாடிங்கதான்!) விசைப்படகுல இழுவை மடி போடறதும் இல்லை, அது ட்ராலிங். இது வேற. நடக்கிற வேகத்துல படகை ஓட்டிக்கிட்டே, பின்னாடி தூண்டில்ல பொய் இரையைக் கட்டி இழுத்துட்டுப் போறது.

இதுல ஒரு சிக்கல். படகு ஓட ஓட இரை மேல எழும்பிடும். மீனோ எண்பது அடி ஆழத்துல இருக்கும். அந்தச் சிக்கலைத் தீர்த்த டவுன்ரிக்கர்ங்கிற கருவி அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியில் பரவின கதைதான் இது. பேருக்குத்தான் ஏரி. நீளம் கிட்டத்தட்ட 490 கி.மீ., சென்னையில ஏறினா மதுரையைத் தாண்டிடலாம்.

அந்த ஏரிக்கு சால்மன் சொந்த மீனே கிடையாது. அங்கே ராஜாவா இருந்தது லேக் ட்ரவுட். கப்பல் போக நயாகரா அருவியைச் சுத்தி வெல்லண்ட் கால்வாயை வெட்டினாங்க. அந்த வழியா கடல் லாம்ப்ரே உள்ள வந்துருச்சு. விலாங்கு மாதிரி உடம்பு, தாடை கிடையாது, வாய் முழுக்கப் பல், மத்த மீன் மேல ஒட்டிக்கிட்டு ரத்தம் குடிக்கும். 1936-ல் மிச்சிகன் ஏரியில் தென்பட்டது. ஏற்கெனவே மீனவர்களும் ட்ரவுட்டை வாரிக் குவிச்சுக்கிட்டு இருந்தாங்க. 1950-களில் ட்ரவுட் கதை முடிஞ்சது.

திங்கிற மீன் போயாச்சு, அடுத்து வந்தது ஏல்வைஃப். மத்தி மாதிரி சின்ன வெள்ளி மீன். தடுக்க ஆளில்லாம பெருகிப் பெருகி, 1967 கோடையில கோடிக்கணக்குல செத்துக் கரை ஒதுங்கினது. சிகாகோ கடற்கரை, ஸாரி, ஏரிக்கரையே நாறிப்போச்சு.

அதுக்கு முன்னாடியே, 1964-ல், மிச்சிகன் மாநில மீன்வளப் பிரிவுத் தலைவரா வந்த ஹோவர்ட் டானர் ஒரு துணிச்சலான காரியத்துல இறங்கியிருந்தார். பசிபிக் கடல் சால்மனைக் கொண்டுவந்து ஏல்வைஃபைத் தின்ன விடலாம்! ஓரிகன் மாநிலம் பத்து லட்சம் கோஹோ முட்டை கொடுத்தது. 1966 வசந்தத்தில் சுமார் எட்டரை லட்சம் குஞ்சுகளை பிளாட் ஆறு உட்பட மூணு ஆறுகள்ல விட்டாங்க. லாம்ப்ரேயை மருந்து வச்சுக் கட்டுப்படுத்தவும் அதுக்குள்ள வழி கண்டுபிடிச்சிருந்தாங்க. எனக்கென்னவோ இது பாம்பை விரட்டக் கீரியை விட்ட மாதிரிதான் தோணுது. ஆனா நடந்தது பாருங்க.

1967 இலையுதிர் காலத்துல ஆத்து முகத்துவாரத்துல கோஹோ கூட்டம் கூட்டமா வந்து நின்னுச்சு. ஊரே பைத்தியம் புடிச்சு ஓடியது. குளத்துல விடற குட்டிப் படகையெல்லாம் தூக்கிட்டு வந்துட்டாங்க. செப்டம்பர் 23, சனிக்கிழமை. புயல் எச்சரிக்கையை யாரும் சட்டை பண்ணலை. பிளாட் விரிகுடாவில் படகுகள் கவிழ்ந்து ஏழு பேர் செத்துப்போனாங்க. புது மீனுக்கு அந்த ஊர் கொடுத்த விலை அது.

இலையுதிர் காலத்துல மீன் கரைக்கே வரும், பிரச்சினையில்லை. கோடையில? மேல்தண்ணி சூடாகிடும். கீழே போகப் போக ஒரு இடத்துல சட்டுனு குளிரும். சால்மனுக்குப் பிடிச்ச 12 டிகிரி செல்சியஸ் தண்ணி அங்கேதான். அதுவரை ஆழத்துல பிடிக்கணும்னா கம்பியிலயே ஈயம் கட்டி இறக்கணும். மீன் மாட்டினா மீனோட ஈயத்தையும் சேர்த்து இழுக்கணும். கைதான் வலிக்கும், சுகமில்லை. பசிபிக்ல தொழில்முறை மீனவர்கள் இரும்புக் கம்பியில பெரிய ஈயக்குண்டு தொங்கவிட்டு, உருளையால சுத்தித் தூக்குவாங்க.

அதையே சின்னதாக்கி, ஒரே ஒரு மாற்றம் பண்ணினதுதான் டவுன்ரிக்கர். குண்டுக்குத் தனிக் கம்பி, தூண்டிலுக்குத் தனி நரம்பு. நாலஞ்சு கிலோ குண்டுக்குப் பக்கத்துல ஒரு கிளிப். நரம்பை அதுல மாட்டி இறக்கணும். எத்தனை அடின்னு மீட்டர் காட்டும். மேல தூண்டில் கம்பு வில்லு மாதிரி வளைஞ்சு நிக்கும். மீன் கடிச்சதும் கிளிப்பிலிருந்து நரம்பு விடுபட்டு, கம்பு டபக்குனு நிமிர்ந்து மறுபடி வளையும். அப்புறம் மீனும் ஆளும் மட்டும்தான். என்னைக் கேட்டா அந்த கிளிப்புதான் மொத்த கண்டுபிடிப்பும். ஒரு சின்ன கோளாறு: வேகமா ஓட்டினா குண்டு பின்னால சாயும், மீட்டர் நூறுன்னாலும் இரை அத்தனை ஆழத்துல இருக்காது. அனுபவஸ்தர்கள் கம்பி சாயற கோணத்தைப் பார்த்தே சொல்லிடுவாங்களாம்.

கரையோர ஊர்கள்ல வாடகைப் படகுத் தொழில் கொழிச்சது. 1967-ல் விட ஆரம்பிச்ச சினூக் சால்மன் இன்னும் பெருசு. பக்கத்து ஹூரான் ஏரியிலும் இதே கூத்து.

ஆனா ஏல்வைஃபை நம்பின சால்மன் ஏல்வைஃபோடவே போச்சு. சால்மன் தின்னது பாதி. கப்பல் அடித்தண்ணியோட வந்த குவாகா சிப்பிகள் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னது மீதி. 2003-04 வாக்கில் ஹூரானில் ஏல்வைஃப் சரிஞ்சது, பின்னாடியே சினூக்கும். படகு வாடகையை நம்பின ஊர்கள் காத்தாடின. மிச்சிகன் ஏரிக்கும் அதே கதி வந்துடுமோன்னு 2013-ல் சினூக் குஞ்சு விடறதைப் பாதியாக் குறைச்சாங்க.

வேடிக்கை என்னன்னா, குஞ்சுகளைத் தின்னுக்கிட்டிருந்த ஏல்வைஃப் ஒழிஞ்சதும் ஹூரானில் லேக் ட்ரவுட் தானா குஞ்சு பொரிக்க ஆரம்பிச்சது. சால்மனுக்காகப் படகுல மாட்டின அதே ஈயக்குண்டை இப்ப அந்தப் பழைய ராஜாவுக்காக இறக்குறாங்க.