குழி தோண்டியவரின் கூறு

ஒரு தோட்டம் கைமாறும்போது நிலம் மட்டும் கைமாறுவதில்லை. முன்னவர் இட்ட எரு, நட்டு வளர்த்த மரம், வெட்டிய வடிகால், ஆண்டுக்கணக்கில் களை நீக்கிப் பதப்படுத்திய மண் ஆகிய அனைத்தும் பின்னவரைச் சென்றடைகின்றன. இவற்றின் மதிப்பு யாருக்கு உரியது? நில உரிமையாளருக்கா, உழைத்துவிட்டு வெளியேறுபவருக்கா, புதிதாக உள்ளே வருபவருக்கா? 1887ஆம் ஆண்டில் இரண்டு சட்டங்கள் இக்கேள்விக்கு விடைகாண முயன்றன. ஒன்று இலண்டனில் இயற்றப்பட்டது, மற்றொன்று சென்னையில்.

ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின் பழைய நெறி ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. மண்ணில் நடப்பட்டது மண்ணையே சேரும் என்பது இலத்தீனில் வழங்கிய அந்நெறியின் சாரம். இதன்படி, குத்தகையாளர் தம் செலவில் நட்ட ஆப்பிள் மரம் வேர் பிடித்ததுமே நில உரிமையாளரின் உடைமையாகிவிடும். குத்தகை முடிந்தால் நட்டவர் வெறுங்கையுடன் வெளியேற வேண்டியதுதான். அடுத்து வருபவர் அப்பழத்தை உண்பார். அம்மரத்தைக் காட்டி உரிமையாளர் கூடுதல் வாடகையும் கேட்கலாம்.

இந்நெறியின் சுமை நிலமற்ற ஊரகத் தொழிலாளர்மீதும் விழுந்தது. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி ஏறத்தாழ நூறாண்டுகள், நாடாளுமன்றச் சட்டங்களின் துணையுடன் இங்கிலாந்தின் பொதுநிலங்கள் வேலியிடப்பட்டுத் தனியுடைமையாயின. மேய்ச்சலையும் விறகையும் இழந்தோருக்கு ஈடாக முன்வைக்கப்பட்டவையே ‘அலாட்மென்ட்’ எனப்படும் சிறு வாடகைத் தோட்டங்கள். 1845ஆம் ஆண்டின் பொது வேலியடைப்புச் சட்டம் ஏழைகளுக்கு இத்தகைய துண்டுகளை ஒதுக்க வழிசெய்தது. ஒதுக்கப்பட்ட பரப்போ சொற்பம். பின்னாளில் வழக்கமான அளவாக நிலைத்த பத்து சதுர ராட் துண்டு, இன்றைய கணக்கில் ஏறத்தாழ 250 சதுர மீட்டர். மண் பண்படப் பல ஆண்டுகள் தேவை. வாடகை ஒப்பந்தமோ குறுகிய காலத்தது. காய்கறி நிலத்தில் நிற்கும்போதே வெளியேற்ற அறிவிப்பு வந்தால் ஒரு பருவத்து உழைப்பு முழுவதும் பறிபோகும்.

1884இல் ஊரகத் தொழிலாளரில் பெரும்பகுதியினர் வாக்குரிமை பெற்றதும் நிலைமை மாறியது. ‘மூன்று ஏக்கரும் ஒரு பசுவும்’ என்ற முழக்கம் 1885ஆம் ஆண்டுத் தேர்தலில் ஒலித்தது. அம்முழக்கத்தோடு இணைத்துப் பேசப்படும் ஜெசி காலிங்ஸ் கொண்டுவந்த திருத்தமே 1886 ஜனவரியில் சாலிஸ்பரி அரசைக் கவிழ்த்தது. மறு ஆண்டு இயற்றப்பட்ட அலாட்மென்ட், குடிசைத் தோட்டப் பயிர் இழப்பீட்டுச் சட்டம், வெளியேறும் தோட்டக்காரருக்கு நிலத்தில் நிற்கும் பயிரின் மதிப்பையும், அடுத்த விளைச்சலை எதிர்நோக்கி இட்ட எருவின் மதிப்பையும், செலுத்திய உழைப்பின் மதிப்பையும் உரிமையாக்கியது. ஆனால் பழமரங்களுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. உரிமையாளரின் எழுத்துமூல ஒப்புதலோடு நடப்பட்டிருந்தால்தான் அவற்றுக்கு இழப்பீடு. பயிரின் மீதான உரிமை சட்டத்தால் வந்தது. மரத்தின் மீதான உரிமை உரிமையாளரின் இசைவால் வந்தது.

இதே ஆண்டில் சென்னை மாகாணத்தின் முதற்சட்டமாக நிறைவேறியது, மலபார் குத்தகையாளர் மேம்பாட்டு இழப்பீட்டுச் சட்டம். இதன் பின்புலம் வேறு. மலபாரில் தோட்டம் உருவாக்குவதற்கென்றே ‘குழிக்காணம்’ என்னும் குத்தகை முறை இருந்தது. ஜென்மியின் வெற்று நிலத்தில் குத்தகையாளர் குழி தோண்டித் தென்னையும் கமுகும் பலாவும் நடுவார், மிளகுக்கொடி படர்த்துவார். வழக்கமான காலம் பன்னிரண்டு ஆண்டுகள். தென்னை காய்ப்புக்கு வரவே ஆறேழு ஆண்டுகள் ஆகும் என்பதை எண்ணினால் அக்கால அளவின் காரணம் விளங்கும்.

இம்முறையின் சொற்களே அதன் கொள்கையைச் சொல்கின்றன. ‘காணம்’ பழந்தமிழில் பொன்னைக் குறித்த சொல்; பதிற்றுப்பத்தின் பதிகங்கள் சேரர் புலவர்க்கு அளித்த பரிசிலை இச்சொல்லால் குறிக்கின்றன. மலபாரின் நில வழக்கில் அது நிலத்தின் மீது கொடுக்கப்படும் பொருளையும் அதனால் எழும் உரிமையையும் குறித்தது. நட்டவருக்கு மரங்களில் உள்ள பங்கு ‘குழிக்கூறு’ எனப்பட்டது. தமிழ் வாசகருக்கு இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. குழி தோண்டியதால் பிறந்த கூறு அது. மண் ஜென்மியுடையது, மரத்தில் நட்டவருக்கும் பங்குண்டு. ஆங்கிலேய நெறி ஒன்றாகவே கண்ட மண்ணையும் மரத்தையும் இவ்வழக்கு பிரித்துக் கண்டது.

ஆங்கிலேய நீதிமன்றங்கள் ஜென்மியை முழு நில உடைமையாளராகக் கொண்டபோது இச்சமநிலை குலைந்தது. ‘மேல்சார்த்து’ என்ற ஆவணம் வெளியேற்றத்தின் கருவியாயிற்று. தோட்டத்தில் ஒருவர் இருக்கும்போதே அவருக்குத் தெரியாமல் ஜென்மி மூன்றாமவர் ஒருவரிடம் பணம் பெற்று அதே நிலத்தைக் குத்தகைக்கு எழுதிக் கொடுப்பார். அம்மூன்றாமவர் வழக்குத் தொடுத்து முன்னவரை வெளியேற்றுவார். மரங்களின் மதிப்போ மிகக் குறைவாகக் கணக்கிடப்பட்டது. காய்த்துக் குலுங்கும் தோட்டம் இவ்வாறு அடிமாட்டு விலைக்குப் புதியவரின் கைக்குப் போயிற்று.

1881இல் மலபார் நில உரிமைகளை ஆராயச் சிறப்பு ஆணையராக நியமிக்கப்பட்ட வில்லியம் லோகன், மாப்பிளா எழுச்சிகளின் வேரை இந்நில உறவுகளில் கண்டார். 1887ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விசாரணையின் விளைவுகளுள் ஒன்று. மேம்பாடுகளுக்குரிய மதிப்பைக் கொடுத்த பின்னரே குத்தகையாளரை வெளியேற்ற வேண்டும் என்பது அதன் நோக்கம். மதிப்பிடும் முறை தெளிவாக இல்லாததால் குறைமதிப்பீடு தொடர்ந்தது. 1899ஆம் ஆண்டுப் பெயர் கொண்ட புதிய சட்டம் அதன் இடத்தில் வந்தது. வெளியேற்றம் அதனாலும் நிற்கவில்லை. குத்தகை உரிமைக்கு ஓரளவு பாதுகாப்பு 1930இல் மலபார் குத்தகைச் சட்டத்தால் கிட்டியது. 1970 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த கேரளச் சட்டத் திருத்தத்துடன் குத்தகை முறையே முடிவுக்கு வந்தது.

இரு சட்டங்களின் பெயரிலும் ‘இழப்பீடு’ என்ற சொல் இருக்கிறது. இங்கிலாந்தின் தோட்டக்காரருக்கு அது முன்னேற்றம். இல்லாத உரிமை ஒன்று கிடைத்தது. மலபாரின் குழிக்காணக்காரருக்கோ அதே சொல் ஒரு சுருக்கம். கூறு என்பது உடைமையின் மொழி. அதை உடையவர் பங்காளி. இழப்பீடு என்பது வெளியேற்றத்தின் மொழி. அதைப் பெறுபவர் ஏற்கெனவே வெளியே நிற்பவர். வழக்கிலிருந்த ஓர் உரிமையைக் காக்க வந்த சட்டம், அதை மொழிபெயர்த்தபோதே அதன் தன்மையை மாற்றிவிட்டது.

இது பழங்கதையன்று. 2016இல் நிதி ஆயோக் முன்வைத்த மாதிரி நிலக் குத்தகைச் சட்டம், குத்தகை முடியும்போது குத்தகையாளர் நிலத்தில் செய்த முதலீட்டின் எஞ்சிய மதிப்பைத் திரும்பப் பெற வழி கூறுகிறது. ஆயினும் நாட்டின் பல பகுதிகளில் குத்தகை வாய்மொழியாகவே நடக்கிறது. பெயரே பதிவாகாத ஒருவர் எந்தக் கூற்றை, எந்த ஆவணத்தைக் காட்டிக் கேட்பார்? மலபாரின் குழிக்காணக்காரருக்கு அக்கூற்றைச் சொல்ல ஒரு சொல்லாவது இருந்தது.